உங்க பங்கையும் நானே வாழ்ந்துட்டேன்

மாசி அமாவாசையன்று மதியம் ஒன்றேகால் மணிக்கு நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இனிமேல் நான் வாழப் போவதில்லை.

பதறாதீர்கள். உயிரை விடுவதாக முடிவு செய்யவில்லை. வாழ்வதை மட்டும் விடுவதாக முடிவு செய்தேன். இரண்டும் வேறு வேறு.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் எனக்குக் கை நிற்காது. அன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'செல்வமும் வேண்டும், வாழ்வும் வேண்டும்' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. அனுமதி இலவசம். சாம்பார் சாதமும் இலவசம். போனேன்.

கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் பெரிய தராசுப் படம் காட்டினார். ஒரு தட்டில் ரூபாய் நோட்டு. மறு தட்டில் சிரிக்கும் குடும்பம்.

"இரண்டு தட்டையும் சமமாகத் தாங்க வேண்டியது நீங்கள் ஒருவர்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் அவர் மேல் பரிதாபம் வந்தது. பாவம், கோர்வை தெரியாத மனிதர்.

கோர்வை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால், நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவும் தனித்தனியாக வேண்டும். தறிக் குழியில் உட்கார்ந்து உடல் நாடாவை நான் வீசுவேன். வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை என் மனைவி துர்காதேவி வீசுவாள். நான் ஒன்று, அவள் ஒன்று. பதினெட்டு வருஷமாக இப்படித்தான் புடவை வளர்கிறது. ஒருவரே இரண்டையும் வீசவேண்டும் என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள்.

பிறகு வாழ்க்கையை மட்டும் ஏன் ஒருவரே நெய்ய வேண்டும்?

இதில் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. எனக்கு ஏனாத்தூரில் ஒரு மனை வாங்க வேண்டும். அவளுக்கு ராமேஸ்வரத்தில் நாலு நாள் இருக்க வேண்டும். அவள் கேட்பதும் நான் "அடுத்த வருஷம்" என்பதும் கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது. மகள் பிறந்து, வளர்ந்து, விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். அடுத்த வருஷம் மட்டும் இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

"துர்கா, இனிமே நம்ம வீட்ல ரெண்டு துறை. செல்வத் துறை, வாழ்க்கைத் துறை."

"சரி."

"செல்வம் என்னுது. வாழ்க்கை உன்னுது."

"அப்ப உங்க வாழ்க்கை?"

"அதையும் நீயே வாழ்ந்துடு. என் பங்குக்கும் சேத்து. சாயங்காலம் வந்து அறிக்கை குடு, போதும்."

அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அந்த சாம்பார் சாதத்துல இன்னாத்தையாவது கலந்துட்டாங்களா?"

"நெசமாத்தான் சொல்றேன். தெருக்கோடில கோயில் இருக்குது. சாயங்காலம் காத்து இருக்குது. எல்லாம் இலவசம். நல்லா வாழு. வாழ்க்கைத் துறையே கையில இருக்கறப்ப ராமேஸ்வரம் எதுக்கு?"

அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"எழுதிக் குடுங்க."

எழுதினேன். பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் அந்தோணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம்.

"எனக்கு எப்பவாச்சும் செல்வத் துறை வருமா?" என்று கேட்டாள் துர்கா.

நியாயமான கேள்வி. நானும் நியாயமானவன். "பாவுக்குப் பாவு துறை மாறும்" என்று கடைசி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றும் முடிந்தால் புதுப் பாவு ஏற்ற வேண்டும். அப்போது தறியில் இரண்டு புடவைக்குப் பாவு மிச்சம் இருந்தது. ஏறக்குறைய ஒரு மாத வேலை.

"அண்ணே, உங்க மூளைக்கு நீங்க ஏனாத்தூர் யுனிவர்சிட்டில இருக்க வேண்டியவரு" என்றான் அந்தோணி. அப்போது அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தறியில் உட்கார்ந்தேன். வலப்பக்கம் காலி. எட்டிப் பார்த்தேன். துர்கா வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு டம்ளர் காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"துர்கா, நாடா வீச வரலியா?"

"நாடா வீசினா கூலி வருமா?"

"வரும்."

"அப்ப அது உங்க துறை."

"சரி, அந்த ரெண்டாவது காபியாவது குடு."

"அது உங்க பங்கு. நான்தான் குடிக்கணும். எழுத்துல இருக்குது."

"டிபன்?"

"சமைக்கிறது வேலை. வேலையெல்லாம் செல்வத் துறை. சாப்பிடறதுதான் வாழ்க்கை."

அன்று நானே உடல் நாடாவை வீசிவிட்டு, குழியிலிருந்து ஏறி, தறியைச் சுற்றி ஓடி, கரை நாடாவை வீசிவிட்டு, மறுபடி குழியில் இறங்கினேன். மதியத்துக்குள் புடவை அரை விரல் வளர்ந்தது. நான் அரைக் கிலோ இளைத்தேன்.

வேறு வழியில்லாமல் ராமராஜனைக் கூலிக்கு அழைத்தேன். அவர் தறி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சிலிருந்து ஓய்வு பெறாதவர். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வாக்கியமாகத் தன் சிறுநீரகக் கல்லின் வரலாற்றைச் சொன்னார். பத்தாம் நாள் கல் இன்னும் பிறக்கவே இல்லை. அறிகுறிகளிலேயே இருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அறிக்கை வரும். துர்கா நேராக நின்று ஒப்பிப்பாள்.

"ஒண்ணு. கோயில் குளத்துல மீனுக்குப் பொரி போட்டேன். ரெண்டு பொட்டலம். ஒண்ணு உங்க பேர்ல."

"நல்லது."

"உங்க பொரியை மீன் தின்னல."

"அது என் பொரின்னு மீனுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் புரியல. ரெண்டு. கோயில் இட்லி. மிளகும் சுக்கும் மணந்துக்கினு, நெய் கையில ஒட்டிக்கினு, ஆகா! உங்க பங்கையும் நானே சாப்ட்டேன்."

எனக்கு நாக்கு ஊறியது. "என் பங்கு எப்படி இருந்தது?"

"அது கொஞ்சம் ஆறிப் போச்சு. மூணு. மதியம் தூக்கம். உங்களுக்கும் சேத்துத் தூங்கினதுல நாலரை ஆயிடிச்சு."

அந்தோணியின் மனைவி அன்னம்மாளுக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. அவளும் துர்காவும் ஒருநாள் அந்தோணியின் ஆட்டோவிலேயே கூரம் போய் வந்தார்கள்.

"கூரத்துல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. வயக்காத்து இருக்குது. உங்களுக்கும் சேத்து ரெண்டு ரெண்டு மூச்சா இழுத்தேங்க. தலை சுத்திடிச்சு."

நடுவில் என் பிறந்த நாள் வந்தது. பாயசம், வடை, கேசரி என்று நன்றாகக் கொண்டாடினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் குழியில் உட்கார்ந்து ராமராஜனின் இடுப்பு வலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் துர்காவின் முகம் பளபளவென்று ஆனது. "அதுல பாதி உங்க பளபளப்புண்ணே" என்றான் அந்தோணி. அவன் வீட்டிலும் அடுப்பு அணைந்து நாளாகியிருந்தது. அதனால் குரலில் கொஞ்சம் கசப்பு இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் என்னால் முடியவில்லை. ராமராஜன் வெற்றிலை போடப் போன நேரத்தில் சன்னதித் தெருவுக்கு ஓடினேன். நாலு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். ஒன்றைக் கடித்தேன். கண்ணைத் திறந்தபோது எதிரில் துர்கா நின்றாள்.

"இது இன்னாங்க?"

"பஜ்ஜி."

"எந்தத் துறை பஜ்ஜி?"

"பசிக்குது துர்கா."

"பசிக்குச் சாப்ட்டா செல்வத் துறை. ருசிக்குச் சாப்ட்டா வாழ்க்கைத் துறை. நீங்க கண்ணை மூடிக்கினு சாப்ட்டீங்க. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்."

"ஒண்ணே ஒண்ணு..."

"உங்களுக்கு இன்னொருத்தர் துறையில கை வெக்கறது அழகா?"

தட்டை வாங்கிக்கொண்டாள். மிச்சம் மூன்றரையையும் என் கண்ணெதிரிலேயே தின்றாள். அரை பஜ்ஜியையும் விடவில்லை.

அன்று தறிக்குத் திரும்பும் வழியில்தான் அந்த யோசனை உதித்தது. மூன்றாவது புடவையில் முந்தி மட்டும் பாக்கி இருந்தது. முந்தி முழுக்கச் சரிகை. இரண்டு நாள் வேலை, இரண்டு வார முதுகுவலி. அந்த முந்தியைத் துர்காவின் தலையில் கட்டிவிட்டு நான் வாழப் போய்விட்டால்? முதுகு ஒடிந்த துர்கா, 'துறையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பழையபடியே இருப்போம்' என்று கெஞ்ச மாட்டாளா?

"துர்கா, துறையை மாத்திக்கலாம்."

"எப்போ?"

"நாளைக்கே."

அவள் முகம் வாடியது. "வேணாங்க. ஒரு ரெண்டு நாள் பொறுங்களேன்."

எனக்கா தெரியாது? இரண்டு நாள் பொறுக்கச் சொல்கிறாள் என்றால் அந்த இரண்டு நாளில் பெரிய வாழ்க்கை ஏதோ இருக்கிறது. நான் குரலை உயர்த்தினேன். பதினெட்டு வருஷத்தில் இரண்டாவது முறை.

"முடியாது! நாளைக் காலையிலேந்து நான் வாழ்க்கை, நீ செல்வம்!"

"நீங்க இவ்ளோ சொல்றீங்களேன்னு ஒத்துக்கறேன்" என்று பெருமூச்சு விட்டாள். எனக்கும் சேர்த்து இரண்டு முறை விட்டாள். நோட்டுப் புத்தகம் வந்தது. எழுதினேன். அந்தோணி கையெழுத்துப் போட்டான்.

"அண்ணே, மேல எழுதியிருக்கறதை ஒரு வாட்டி படிச்சுப் பாத்துக்கோங்க" என்றான்.

"நான் எழுதினதை நானே படிக்கணுமாபா?" என்றேன்.

என் வாழ்க்கையின் முதல் நாள் விடிந்தது. இரண்டு டம்ளர் காபியை எடுத்தேன். துர்கா ஒரு பத்திரிகையை நீட்டினாள்.

"எங்க காமாட்சியம்மா பெரியம்மா பேரனுக்கு இன்னிக்குக் காது குத்து, ஏனாத்தூர்ல. சொந்தக்காரங்க விசேஷம் வாழ்க்கைத் துறை. நீங்கதான் போகணும்."

போனேன். குழந்தையின் தாய்மாமன் வரும் பஸ் வழியில் நின்றுவிட்டதாம். காலியாக இருந்த மடி என்னுடையது ஒன்றுதான். காது குத்தியது குழந்தைக்கு. என் வேட்டி நனைந்தது. குழந்தை கத்தியதில் எனக்கும் காது குத்தியது போலவே இருந்தது.

இரண்டாம் நாள் யாரும் என்னைப் பிடிப்பதற்குள் குளக்கரைக்குப் போய்விட்டேன். பொரி போட்டேன். மீன் தின்னவில்லை. துர்கா பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் காற்று நன்றாக இருந்தது. யாருக்காகவும் சேர்த்து இழுக்காத மூச்சு. நாளைக்குக் கோயில் இட்லி, மறுநாள் கூரம், அதற்கு மறுநாள் மதியத் தூக்கம் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. முந்தி நெய்ய ராமராஜனையே துணைக்கு வைத்துக்கொண்டிருந்தாள் துர்கா. "ஒரு வார்த்தை பேசினா ஒரு ரூபா குறைப்பேன்" என்று சொல்லியிருந்தாளாம். இரண்டு நாளாக அவர் கொட்டாவி கூட விடவில்லை.

"முந்தி முடிஞ்சுது. பாவும் முடிஞ்சுது" என்றாள். "மூணு புடவையும் முதலாளி கிட்ட குடுத்துக் கூலி வாங்கியாச்சு. செல்வத் துறை நான்தானே, செலவும் பண்ணிட்டேன்."

"ஏனாத்தூர் மனைக்கா?"

"ராமேஸ்வரத்துக்கு. ரெண்டு டிக்கெட்."

எனக்கு மனை மறந்துவிட்டது. கடல் தெரிந்தது. சங்கு கேட்டது. வாழ்க்கைத் துறை நான் அல்லவா!

"நானும் நீயுமா துர்கா?"

"நானும் அன்னம்மாவும்."

"அதெப்படி? வாழ்க்கைத் துறை நானு!"

அவள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். என் கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது. 'பாவுக்குப் பாவு துறை மாறும்.'

தறியைப் பார்த்தேன். காலி. மூலையில் புதுப் பாவு தயாராக இருந்தது. முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவன் நான். பாவு முடியப் போகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. தலை மட்டும் பஜ்ஜியிலேயே இருந்திருக்கிறது.

"நாளைக்குப் புதுப் பாவு ஏறுது. துறை மாறுது. அதோட மூணு புடவைக்கும் நீங்க செல்வம், நான் வாழ்க்கை" என்றாள் துர்கா. "நீங்க மட்டும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா புதுப் பாவு முழுக்க வாழ்க்கை உங்களுதுதான். நான் சொன்னேனே, நீங்க எங்க கேட்டீங்க?"

புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் தறியில் விட்டுவைத்திருந்த பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து முடித்தேன். ராமராஜன் துணைக்கு வந்தார். கல் பிறந்துவிட்டது.

பங்குனி அமாவாசை வந்தது. அன்று தறி ஓடாது. ஆகவே சம்பாதிக்க முடியாது. வாழ எனக்கு உரிமை கிடையாது. நானும் அந்தோணியும் வாசலில் சும்மா உட்கார்ந்து, அவன் கிண்டிய உப்புமாவைப் பசிக்காக மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செல்போன் அடித்தது. வீடியோவில் துர்கா. பின்னால் கடல். ஈரத் தலை.

"ஏங்க, அறிக்கை! அமாவாசை முழுக்கு ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு."

உப்புமாத் தட்டைக் கீழே வைத்தேன். அங்கே போயும் என்னை மறக்கவில்லை. "என் பங்கு முழுக்கு எப்படி இருந்தது துர்கா?"

"அதை ஏன் கேக்கறீங்க! என் பாவம் ஒரே முழுக்குல போயிடிச்சு. உங்க பாவம் இன்னும் கரையல. அதனால நாங்க இன்னும் நாலு நாள் தங்கறோம், பணம் அனுப்புங்க."