கைக்குள் ஒரு சாவி

இனி இந்த ஜென்மத்தில் பெண்டாட்டியிடம் வீட்டுச் சாவி கேட்பதில்லை என்று பகவதியப்பன் சபதம் எடுத்தபோது, பூட்டிய வீட்டின் பின்புறம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தார்.

தக்கலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனிதர். மூளை உண்டு, ஞாபகம் கிடையாது. காலையில் சாவி கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தொலைத்துவிடுவார். அதனால் சாவிக்கொத்து மனைவி லட்சுமிப்ரியாவின் இடுப்பிலேயே இருந்தது. அவள் இரணியலில் டீச்சர். வாயே திறக்காத பிள்ளைகளையும் திறக்க வைப்பாள்; எட்டு மணி தாண்டினால் வீட்டுக் கதவை மட்டும் திறக்கமாட்டாள். சீட்டாட்டமோ எட்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். பாவம், மனிதருக்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை. அந்தச் சீட்டுதான் உயிர்.

அப்போதுதான் இணையத்தில் ஒரு வெள்ளைக்காரன் கதவில் வெறுங்கையைக் காட்டினான். பூட்டு திறந்தது. அரிசிமணி அளவில் ஒரு சிப்பைத் தோலுக்கடியில் ஏற்றியிருக்கிறானாம். பகவதியப்பன் சிப்பையும் அதற்கான பூட்டையும் அன்றே ஆர்டர் போட்டு வரவழைத்தார். ஊசி போட நாராயணபெருமாளைப் பிடித்தார். சீட்டுக் கூட்டாளி, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

"ஓய், இது மாட்டு ஊசியை விடப் பெரிசா இருக்கே!"

"குத்தும் வே."

"மாடுன்னா மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிடலாம். உம்மை எங்க பிடிக்க?"

"பேசாம குத்தும். சுதந்திரம்னா சும்மாவா?"

குத்தினார். அலறல் கேட்டுத் தொழுவத்து மாடுகள் எழுந்து நின்றன. கை பணியாரம்போல வீங்கியது. குளவி கொட்டிவிட்டது என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தார்.

வீக்கம் வடிந்ததும் பழைய பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். பள்ளிக்கூடம் விட்டு வந்த லட்சுமிப்ரியாவின் முன்னால் கையை நீட்டினார். டிக். கதவு திறந்தது.

"நல்ல கெட்டிக்காரக் குளவிதான்" என்றாள் அவள்.

கோபப்படவில்லை. பகவதியப்பன் அங்கேயே பயந்திருக்க வேண்டும். விதி, பயப்படவில்லை.

"அப்ப இனி நீங்கதான் சாவியா?"

"நானேதான்! தொலையவே தொலையாது. இந்தாட்டி, உனக்கு ஒரு அட்டை. அதைக் காட்டினாலும் திறக்கும். கூடவே மாஸ்டர் அட்டையும் இருக்கு. புது அட்டை சேக்கணும்னா அது இல்லாம முடியாது. என்கிட்ட இருந்தா தொலைச்சிருவேன், நீயே வச்சுக்க."

திங்கட்கிழமை கடையில் கூட்டம். போன் வந்தது.

"கேட்டேளா, நான் வாசல்ல நிக்கேன். வந்து திறங்கோ."

"அட்டை எங்கட்டி?"

"தொலைஞ்சு போச்சு."

"ரெண்டுமா? எங்க தொலைச்சே?"

"நீங்க தொலைச்ச சாவியெல்லாம் எங்க கெடக்கோ, அங்கதான் கெடக்கும்."

பகவதியப்பன் பைக்கை எடுத்தார். மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்தது, ஓடினார். அடுத்த நாள் மச்சினி பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றாள், ஓடினார். சாயங்காலமானால் லட்சுமிப்ரியா கோயிலுக்குக் கிளம்பினாள். அங்கிருந்து அக்கா வீடு, அக்கா வீட்டிலிருந்து பாட்டுக் கிளாஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஊர் சுற்றியதே இல்லை.

"எப்பட்டி வருவே?"

"வரும்போது வருவேன். திறந்துவிட நீங்க வீட்டுலதான இருப்பேள்!"

பூட்டை மாற்றலாம் என்றால், சாவி திரும்பவும் அவள் இடுப்புக்கே போய்விடும். கடைசியில் நாராயணபெருமாளிடம் போய்க் கையை நீட்டினார்.

"எடுத்துரும் ஓய்."

"எனக்குப் போடத்தான் தெரியும் வே. போட்ட மருந்தைத் திருப்பி எடுன்னு இதுவரை ஒரு மாடும் கேட்டதில்ல."

சனிக்கிழமை இருட்டுகிற நேரம். நாராயணபெருமாளே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். லட்சுமிப்ரியா பட்டுச்சேலை கட்டிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் பகவதியப்பன் நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, சீட்டுக்கு ஆள் குறையுது. ஒரு மணிக்கூர் இவரை விட்டுத் தாயேன். நானே கொண்டாந்து விட்டுருதேன்."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. வீட்டுச் சாவியை இரவல் குடுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது."