நகத்து அண்ணாச்சியும் மூன்று ஸ்லீவும்

தென்காசி வட்டாரத்திலேயே கல்யாணப் பந்தியில் இடது கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டு, அதற்காக மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்படியும் கையை மாற்றாத ஒரே மனிதர் நகத்து அண்ணாச்சிதான். வலது கையால் சாப்பிட்டால் ஆள்காட்டி விரல் நகத்தில் சாம்பார் படும். பட்டால் நகம் இளகும். இளகினால் ஊரிலுள்ள டிராக்டர்களின் கதி என்ன?

அண்ணாச்சி டிராக்டர் மெக்கானிக். என்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற இரும்புக் குழாய்க்கு ஸ்லீவ் என்று பெயர். அது தேய்ந்தால் ஆயில் மேலேறி எரியும், புகை கக்கும், இழுவை போய்விடும். தேய்மானத்தை அளக்க மற்ற மெக்கானிக்குகள் கருவி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி நகம் வைத்திருந்தார். அரை அங்குல நகம். ஸ்லீவுக்குள் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பார். தேய்ந்திருந்தால் படி போல ஒரு விளிம்பு நகத்தில் இடறும். "தட்டுது" என்றால் மாற்ற வேண்டும். "வழுக்குது" என்றால் வேண்டாம். மேல்முறையீடு கிடையாது.

மற்ற நேரங்களில் அந்த நகத்துக்குப் பேனா மூடி போட்டு வைத்திருப்பார். சீசனுக்கு ஐந்தருவிக்குப் போனால் வலது கையைத் துணிப்பையில் கட்டி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் குளிப்பார். ஒருமுறை வெளியூர்க் கூட்டமொன்று அவரைக் கைடு என்று நினைத்து, கார் நிறுத்துமிடம் வரை வரிசையாகப் பின்னாலேயே போயிருக்கிறது. அண்ணாச்சியும் கையை இறக்கவில்லை.

பண்பொழிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிழட்டு டிராக்டரும் உண்டு. போன வருஷம் அது டீசலைவிட ஆயிலை அதிகம் குடிக்க ஆரம்பித்தது. அது விட்ட புகையைப் பார்த்து, சாரல் வருகிறது என்று பக்கத்து வீட்டில் துணி எடுத்தார்கள். இரண்டு மெக்கானிக்குகள் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்கள். நாற்று தயாராக நின்றது; ஒரு வாரத்துக்குள் வயலைச் சேறாக உழுது தொழி அடித்தாக வேண்டும். நடவு சமயத்தில் வாடகைக்கும் வண்டி கிடைக்காது. அண்ணாச்சியை வரவழைத்தேன்.

வந்தார். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார், பிஸ்டன்களை உருவினார். பேனா மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முதல் ஸ்லீவ் தட்டியது. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதில் விரலை இறக்கியவர், "அய்யோ" என்றார்.

நகம் ஒடிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒடிந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இனி இது வளந்து வர மூணு மாசம் ஆவும்."

"அண்ணாச்சி, நாத்து ஒரு வாரத்துக்கு மேல தாங்காது!"

"ஒங்க நகத்தக் காட்டுங்க." காட்டினேன். "என்ன தம்பி, கடிச்சுக் கடிச்சு வச்சிருக்கிய? இத வச்சு ஸ்டிக்கர் பொட்டுகூட உரிக்க முடியாது."

அப்போதுதான் என் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், பட்டுச்சேலை கட்டி, ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்பி வெளியே வந்தாள். அண்ணாச்சியின் கண்கள் நகப்பூச்சு மின்னிய அவள் நீள நகங்களில் நிலைத்தன.

"டீச்சர், அந்தச் சாயத்த அழிச்சிட்டு வாரியளா?"

"அண்ணாச்சி, இப்பதான் பூசுனேன்!"

"பொண்ணு மாப்பிள்ள ஒங்க நகத்தயா பாக்கப் போறாவ? இங்கன ஒரு உசுரு கெடந்து துடிக்குது."

அழித்துவிட்டு வந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி மூன்றாவது ஸ்லீவில் விரலை விட்டாள். "தட்டுது." அண்ணாச்சி தலையாட்டினார். யாரும் சொல்லாமலே இரண்டாவதிலும் விட்டாள்.

"இதுவும் தட்டுதே அண்ணாச்சி."

"தட்டாது. நான் பாத்துட்டேன்."

"தட்டுது."

"முப்பது வருசமா இத வச்சுத்தான் டீச்சர் பொழைக்கேன்."

"முப்பது வருசமா இருக்கட்டும். தட்டுது."

நான் தென்காசிக்கு ஓடி, லேத் பட்டறைக்காரரை அளவுக் கருவியோடு கூட்டி வந்தேன். அவர் இரண்டு முறை அளந்தார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்து, டிராக்டரைப் பார்த்துச் சொன்னார்: "மூணுலயும் ரெண்டாவதுதான் ரொம்பத் தேஞ்சிருக்கு."

அண்ணாச்சி டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "அப்ப எத்தன வண்டியத் தப்பாச் சொல்லி அனுப்பிருப்பேன்?" என்றார்.

என் மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள். "தப்பாச் சொல்லிருந்தா வண்டி திரும்பி வந்திருக்கும்லா? வந்துச்சா?"

"வரல."

"அப்ப இது ஒண்ணுதான். எந்திரிங்க."

எழுந்தார். மூன்று ஸ்லீவையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. புது ஸ்லீவைக் குளிரவைத்துச் சுருக்கினால்தான் அது உள்ளே இறங்கும். ஐஸுக்கு எங்கே போவது? மீன் கடைக்குப் போனோம். ஐஸ் பெட்டியில் சாளை மீன்களுக்கு நடுவே மூன்று ஸ்லீவும் ஒரு மணி நேரம் படுத்திருந்தன. ஒரு அம்மாள் நடுவிலிருந்ததைக் காட்டி, இது என்ன மீன் என்று விலை கேட்டாள்.

மறுநாள் மாலை வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே எழுந்தது. துளிப் புகை இல்லை. மீன் வாடை மட்டும் இருந்தது. இரண்டு பூனைகள் வயல்வரை கூடவே வந்தன. தொழி அடித்தோம், சொன்ன நாளில் நடவு முடிந்தது.

அண்ணாச்சி இதைக் கமுக்கமாக வைத்திருக்கலாம். மாறாக, திருவேங்கடம், ராயகிரி என்று வேலைக்குப் போன ஊரிலெல்லாம், "ரெண்டாவது ஸ்லீவ நான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். பண்பொழி டீச்சர்தான் கண்டுபுடிச்சாவ!" என்று மெடல் வாங்கியவர் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொந்தத் தப்பை அவ்வளவு சந்தோஷமாக விளம்பரம் செய்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

டிராக்டர் இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை என் மனைவி போன் போட்டு, "அண்ணாச்சி, சத்தம் ஒரு மாதிரி இருக்கு, வந்து பாருங்க" என்பாள். அவரும் செங்கோட்டை பஸ்ஸைப் பிடித்து வந்து, கால்மணி நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆமா, ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அடுத்த மாசமும் வந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.