சனிக்கிழமைக் கயிறு

சனிக்கிழமையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்ட ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். அரைக்கால் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், வாயில் விசில். சாரணர் படை மாஸ்டர்! என் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார். வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடி விற்கும் பரம சாது. சனிக்கிழமை சாயந்திரம் விசில் வாய்க்குப் போய்விட்டால் ஆளே வேறு.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதில் எவனும் பொய் எழுதலாமாம். படை கூடும் கூடத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறார். வந்த பிள்ளை தன் இடத்தில் தன் கையாலேயே முடிச்சுப் போட வேண்டும். வராத பிள்ளையின் இடம் மொட்டையாக நிற்கும். மொட்டை நீண்டால் கோடை முகாம் கிடையாது.

"சார், அக்காவுக்குக் கல்யாணம்."

"அக்காவுக்குத்தானே?"

"சார், கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு."

"முடிச்சைக் காலாலயா போடுறே?"

"சார், பரீட்சை..."

"பரீட்சை மறுபடி வரும். போன சனிக்கிழமை வருமா?"

கடைசியில் அந்தத் திருவாசகம்: "நேரமில்லைன்னு சொல்லாதே. மனசில்லைன்னு சொல்லு!"

விளைவு? ஒருவன் பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து வாய் நிறையப் பஞ்சோடு ஓடி வந்து முடிச்சுப் போட்டுவிட்டு, மிச்சப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் திரும்பி ஓடினான். மாஸ்டர் பூரித்துப் போனார்.

இவருக்கு ஒரே மகள். கூடாரம் அடிப்பதில் படையிலேயே சூட்டிகை, கால்பந்தில் கோல்கீப்பர். பயிற்சி, போட்டி என்று அலைந்ததில் கயிற்றில் அவள் இடம் வழுக்கை விழுந்திருந்தது. இறுதி ஆட்டமும் சனிக்கிழமையில்தான் வந்து தொலைத்தது. அன்றும் முடிச்சு விழாவிட்டால், வருஷம் முழுக்க அவள் கனவு கண்ட முகாம் போச்சு.

"அப்பா, இந்த ஒரு தடவை மட்டும்."

"நான் அப்பா இல்லை. மாஸ்டர்."

சமையலறையில், கையில் காபி டம்ளரோடு நின்று சொன்னார்.

ஆட்டத்தின் இடைவேளையில் பாவம், சேறும் சகதியுமாகக் கூடத்துக்கு ஓடி வந்தாள். கையுறையோடு போட்டால் செல்லாது என்றார். பல்லால் கழற்றிப் போட்டாள். மாஸ்டர் தன் கடைப் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "தளர்ந்திருக்கு. அவிழ்த்துட்டு மறுபடி போடு." மறுபடி போட்டாள். மறுபடி தளர்ந்தது. அவள் மைதானத்துக்குத் திரும்புவதற்குள், ஆளில்லாத கோலுக்கு எதிரணி நடந்தே போய்ப் பந்தை வைத்துவிட்டு வந்திருந்தது. கோப்பையும் போச்சு, முடிச்சும் போச்சு. அந்த விசிலைப் பிடுங்கி வீசலாம் போல எனக்கு ஆத்திரம்.

அன்று எனக்கும் என் நாய்க்கும் அவர்கள் வீட்டில் சாப்பாடு. மாஸ்டர் பசியோடு உள்ளே வந்தார். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு கயிறு!

"என்னது இது?"

"நான் ஆடுன ஆட்டத்துக்கு வந்தவங்க கயிறு," என்றாள் மகள். "இது அம்மா. இது பக்கத்து வீட்டு மாமா. இது அவர் நாய்."

நாயின் இடம் முடிச்சால் புடைத்திருந்தது. ஒரு மேட்சையும் விட்டதில்லை, தங்கம்! அதற்கடுத்த இடம் மொட்டை.

"முடிச்சு இருக்கிறவங்களுக்குத்தான் சாப்பாடு," என்றார் மாஸ்டரின் மனைவி, நாய்க்குப் பரிமாறிக்கொண்டே.

"அடியே, கடை, படைன்னு அலையுற எனக்கு ஏது நேர..."

பாதியில் நின்றது.

"நேரமில்லைன்னு சொல்லாதீங்க," என்றாள் மகள், ரொம்ப மரியாதையாக. மீதியை அவரே முணுமுணுத்தார்.

அடுத்த சனிக்கிழமை, கூடத்துக் கயிற்றில் போன வாரம் மொட்டையாக நின்ற அவளுடைய இடத்தில் ஒரு முடிச்சு. அவ்வளவு கச்சிதமாக முடிச்சுப் போட அந்தப் படையில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். "யார் போட்டது?" என்று அவரே எல்லாரையும் அதட்டிவிட்டு, பலமாக விசில் ஊதினார். அவள் முகாமுக்குப் போனாள்.

சிரிக்கிறீர்களா? விசில் இல்லாததால் தப்பித்தோம் என்று நினைப்பா? பாட்டு வகுப்பு நடத்துகிறவரே, டியூஷன் எடுக்கிறவரே, ஞாயிறுதோறும் சொந்தபந்தத்தைக் கூட்டி வைத்துத் தலை எண்ணுகிறவரே! இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது சற்றே நிமிர்ந்து பாருங்கள். கயிறு தொங்கினால் உங்கள் இடத்தைத் தேட வேண்டாம். முதலில் நாயின் இடத்தைப் பாருங்கள்.