நெடுங்குளப் பேரணியின் மாபெரும் வெற்றி

ஒரு காட்டில் ஏழு குளங்கள் இருந்தன. வரைபடம் போடுவதற்கு முன்புவரை இருந்தன என்று சொல்வதே சரி.

அந்த ஏழில் மிகச் சிறியது கோரைக்குட்டை. நாலு எருமை இறங்கிப் படுத்தால் ஐந்தாவது எருமை கரையில் காத்திருக்க வேண்டும். ஆனால் அதன் நடுவே நின்ற கருவேல மரத்தில்தான் நீர்க்காகம் வீராயி பிறந்தாள். அங்கேயே குஞ்சு பொரித்தாள். அங்கேயே போராட்டக்காரியும் ஆனாள். மீன் குத்தகை எடுத்த நீர்நாயை எதிர்த்துப் பதினோரு நாள் பட்டினிப் போராட்டம் நடத்தியவள். அவள் மரத்தில் சிறகை விரித்து நின்றால், ஈரம் காய வைக்கிறாளா முழக்கம் போடப் போகிறாளா என்று தெரியாமல் சின்னப் பறவைகள் எதற்கும் எழுந்து நின்றுவிடும்.

ஒருநாள் காட்டு அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நீர்ப்பறவைகளுக்கும் பொதுமக்களுக்கும் ஒருசேரப் பயன்படும் குளங்களுக்கு முன்னுரிமை கொடுத்து ஒரு வரைபடம் தயாரிக்கப்படும். பொதுமக்கள் என்றால் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் நாலுகால் ஜனங்கள். தை மாதத்தில் ஒரே ஒரு நாள், காலை ஆறு முதல் பத்து மணிவரை எண்ணுவார்கள். நிறையப் பேர் இருந்தால் அந்தக் குளம் கரும்பச்சை. எவனும் தொட முடியாது. கொஞ்சம் பேர் இருந்தால் இளம்பச்சை. கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். யாருமே இல்லாவிட்டால் வெள்ளை.

வெள்ளைக்கு என்ன விளக்கம் என்று அறிவிப்பில் இல்லை. ஆனால் கரடி கான்ட்ராக்டர் மறுநாளிலிருந்து கோரைக்குட்டைப் பக்கமாக நடைப்பயிற்சி போக ஆரம்பித்தார். கல்யாண மண்டபம் கட்ட அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. வண்டி நிறுத்தத்தான் ஒரு குட்டை அளவு இடம் குறைந்தது.

வீராயி உடனே ஏழு குளத்துப் பறவைகளையும் கூட்டினாள்.

“ஏழு குளத்துல நம்மள ஏழு துண்டா எண்ணப் பாக்குறாங்க. ஒரு குட்டையில முப்பது, ஒரு குளத்துல நானூறுன்னு எழுதுனா நம்மள எவன் மதிப்பான்? அன்னைக்கு அத்தனை பேரும் ஏழுலயும் பெரிய நெடுங்குளத்துல திரளணும். எண்ணி எண்ணியே அவன் விரல் தேயணும்!”

கூழைக்கடாக்கள் அலகைத் தட்டின. நாமக்கோழிகள் தண்ணீரை அடித்தன. சடையன் என்ற மடையான் கொக்கு மட்டும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தான். அவனும் கோரைக்குட்டைக்காரன்தான், வீராயியின் மரத்தில் கீழ்க்கிளைக் குடித்தனம்.

“அக்கா, எல்லாரும் அங்க போயிட்டா, நம்ம குட்டைக்கு வர்றவன் யாரை எண்ணுவான்?”

“சடையா, பட்டினிப் போராட்டத்துல மூணாம் நாளே தவளை முழுங்குனது யாரு?”

“அது தானா வாய்க்குள்ள குதிச்சிருச்சுக்கா.”

“இப்ப கரடி உன் வாய்க்குள்ள எதைக் குதிக்க வச்சான்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்ததும் சடையனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பொதுமக்கள் கட்டத்தையும் நிரப்ப வேண்டுமே. வீராயி எருமை பூவாத்தாளிடம் போனாள்.

“நெடுங்குளத்துல சேறே கிடையாதே. எம் பிள்ளைகளுக்கு அரிப்பு அடங்காதே, தாயி.”

“ஒரு காலை நேரந்தான் மதினி. உரிமைன்னா கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும்.”

“சரி, வாரோம். பத்து மணிக்கு மேல நிக்க மாட்டோம், ஆமா.”

அந்த நாளும் வந்தது. விடிந்ததும் வீராயி ஆறு குளங்களையும் ஒரு சுற்றுப் பறந்து பார்த்தாள். ஐந்தில் ஒரு குஞ்சுகூட வீட்டில் தங்கவில்லை. கடைசியாகக் கோரைக்குட்டைக்கு வந்தபோது, கோரைப்புல்லுக்குள் சடையன் அசையாமல் நின்றிருந்தான்.

“காவலுக்கு நிக்கிறேன்கா.”

“எங் குட்டையிலயே ஒருத்தன் குறைஞ்சா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மேடையேறுவேன்? கிளம்புடா!” என்று பிடரியில் ஒரு கொத்துக் கொத்தி அவனை முன்னால் விட்டுப் பின்னால் பறந்தாள்.

நெடுங்குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. கணக்கெடுப்பு அலுவலர் கீரி, தொலைநோக்கியும் டேப்லெட்டுமாக வந்து இறங்கியவர், பயந்து இரண்டடி பின்வாங்கினார். நாலாயிரத்துச் சொச்சம் பறவைகள். நூற்று அறுபத்துமூன்று பொதுமக்கள். முழக்கத்தில் மரத்துக் காயெல்லாம் உதிர்ந்தது. உயரமான பட்டமரத்தின் உச்சியில் வீராயி சிறகை விரித்து நின்றாள்.

“அம்மா, கொஞ்சம் அசையாம இருங்க” என்று கீரி போட்டோ எடுத்தார். பிறகு மற்ற ஆறு குளங்களுக்கும் போனார். அங்கெல்லாம் வேலை வெகு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து வரைபடம் வந்தது. நெடுங்குளம் கரும்பச்சை! வெடி வெடித்தார்கள். வீராயிக்கு அல்லிப்பூ மாலை போட்டார்கள். மாலையும் கழுத்துமாக அவள் வரைபடத்தின் மிச்சத்தைப் பார்த்தாள். ஆறு குளங்களும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருந்தன.

மாலையைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குப் பறந்தாள்.

“ஐயா, நாங்க அந்த ஆறு குளத்துலதான் குடியிருக்கோம்.”

கீரி நல்லவர். நாற்காலி போடச் சொன்னார். “இருக்கலாம்மா. அன்னைக்கு எங்க இருந்தீங்க?”

“நெடுங்குளத்துல. போராட்டத்துக்கு வந்தோம்.”

“வரைபடத்துல போராட்டத்துக்கு நிறம் கிடையாதும்மா.” போட்டோவை எடுத்துக் காட்டினார். “உங்க ஆளுங்க மாதிரி ஒரு கட்டுப்பாடு நான் எங்கயும் பார்த்ததில்ல. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வீட்டுல இருந்திருந்தாக்கூட இளம்பச்சை போட்டிருப்பேன்.”

வீராயிக்குப் பிடரி அரித்தது. தன்னுடையது அல்ல, அன்று அவள் கொத்திய சடையனுடையது.

“மறுபடி எண்ணுங்க.”

“தாராளமா. அஞ்சு வருஷம் கழிச்சு.”

அவள் நெடுங்குளத்துக்குத் திரும்பினாள். அங்கே கம்பிவேலி போட்டுப் பலகையும் மாட்டியிருந்தார்கள். பொதுமக்களுக்குப் பார்வை நேரம் மாலை நாலு முதல் ஐந்து. தண்ணீரில் இறங்கக் கூடாது. வேலிக்கு வெளியே பூவாத்தாள் பிள்ளைகளோடு நின்று முதுகைக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு மீனுக்கு எட்டு அலகு அடித்துக்கொண்டன.

“கோரைக்குட்டைக்கு லாரி வருது. எல்லாரும் கிளம்புங்க!” என்றாள் வீராயி.

யாரும் எழவில்லை. நாமக்கோழி ஒருத்திதான் பணிவாகச் சொன்னாள்: “நாங்க நகர்ற நேரம் பார்த்து எவனாவது வந்து எண்ணிட்டா?”

“அப்ப உங்க சொந்தக் குளம்?”

“இதுதான்கா இப்ப சொந்தக் குளம். நீங்க வாங்கிக் குடுத்ததுதானே. உசிர் உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்.”

வீராயி தனியாகவே கோரைக்குட்டைக்குப் போனாள். கருவேல மரத்தை ஏற்கெனவே சாய்த்திருந்தார்கள். முக்கால் குட்டை மண்ணாகிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீரில் இறங்கி, லாரிக்கு எதிரே நின்றாள். சற்று நேரத்தில் சடையன் வந்து பக்கத்தில் நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

நீ சொன்னதுதான் சரி என்று அவள் சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். ஆயுள் முழுக்க முழக்கமிட்ட வாயில் அந்த மூன்றும் வரவில்லை.

“ஏண்டா வந்து ஒட்டுற? அந்தக் கரையில போய் நில்லு. குட்டை பூரா ஆள் இருக்குற மாதிரித் தெரியணும்.”

சடையன் அந்தக் கரைக்குப் போனான். இரண்டடி தூரம்தான் இருந்தது.

கரடி கான்ட்ராக்டர் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். சற்று யோசித்துவிட்டு, டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். லாரி முக்கி முனகித் திரும்பியது.

“பயந்துட்டான்!” என்று வீராயி சிறகை விரித்தாள்.

லாரி முழுவதும் திரும்பி நின்றது. மண்ணைப் பின்பக்கமாகத்தான் கொட்ட முடியும்.

நீதி: உரிமைக்காகத் திரளும்போது, நம்பிக்கையான ஒரு கருங்காலியை வீட்டில் விட்டுவிட்டுத் திரளவும்.