உப்புமா சாரும் என் மகளின் செல்களும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை சலித்துத் தேடியிருந்தாலும், இட்லியை ஜென்ம விரோதியாக நினைத்த மனிதர் அவர் ஒருவர்தான் கிடைத்திருப்பார். எல்லோருக்கும் அவர் உப்புமா சார். பெற்றோர் வைத்த பெயர் ஆய்வகத்து வாசல் பலகையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

புதுப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது அந்த ஆய்வகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. புற்றுநோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்து, அதே நோயாளியின் புற்றுச் செல்களோடு சேர்த்துவிட்டு, அடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கிருமி ஒன்று அந்தத் தட்டில் விழுந்தால் போதும், மறுநாள் தட்டே புளித்துவிடும். அதனால் மாவு தொட்டவருக்கு உள்ளே அனுமதி கிடையாது.

உப்புமா சார் வாசலிலேயே விசாரணை வைப்பார்.

"காலையில என்ன டிபன்?"

"தோசை சார்."

"யாரு ஊத்தினது?"

"நான்தான் சார்."

"நாளைக்கு வா."

பொய் சொன்னால் விரலை மோந்து பார்ப்பார். புதிதாகக் கல்யாணமான ஓர் உதவியாளர், "மாவாட்டினா வேலை போயிடும் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, கிரைண்டர் பக்கமே போகாமல் குடும்பம் நடத்தினாளாம். உப்புமா சாரோ தயிரையும் விட்டவர். காலையில் உப்புமா, ராத்திரியும் உப்புமா. ஓர் ஆயுத பூஜையன்று யாரோ செல்கள் வளரும் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட, அவர் ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தபடி கத்தினார்: "சாமி கும்பிடணும்னா வெளிய நின்னு கும்பிடு! இந்தப் பசங்களுக்கு நான் இருக்கேன்!"

செல்கள் அவருக்குப் 'பசங்க'. பழைய ஊட்டத் திரவத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'சாப்பாடு வைக்கிறது'. புயலடித்து பஸ் நின்றுபோன ஒருநாள், கல்பாக்கத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சாப்பாடு வைத்தார். வீட்டில் மனைவிக்குக் காய்ச்சலாம். "அவ கேட்டு வாங்கிச் சாப்பிடுவா. இவனுங்க எப்படிக் கேப்பானுங்க?" என்றாராம்.

இதையெல்லாம் கேட்டு வாய்விட்டுச் சிரித்தவள் என் மகள் தேன்மொழி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நிணநீர்க் கணுக்களில் புற்று. மருந்து இருமுறை தோற்றுவிட்டது. தட்டில் அவள் செல்கள் புற்றை அடித்தால், ஒரு புதிய சிகிச்சையின் பரிசோதனையில் அவளைச் சேர்ப்பதற்கு வழி இருந்தது. அடிக்காவிட்டால், எங்களுக்கு வேறு கதவு இல்லை.

"அப்பா, என் செல்லுங்ககிட்ட சொல்லிடு. அந்த சார்கிட்ட மட்டும் இட்லி கேக்கக் கூடாதுன்னு."

செங்கல்பட்டு மருத்துவமனையில் அவள் ரத்தத்தை எடுத்துத் தருவார்கள். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. உப்புமா சாரின் கட்டளை கண்டிப்பானது. வெயில் படக்கூடாது, குலுக்கக்கூடாது, குளிரவைக்கவே கூடாது. குழாய்களைப் பஞ்சில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். பக்கத்து சீட்டுக்காரர் தூங்கி விழுந்து தோளில் சாய்ந்தாலும் டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வேன்.

ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. செங்கல்பட்டில் மீனை இறக்கிவிட்டுப் புதுப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்த லோடு ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டார். முன்னால் இடம் குறைவு. டப்பாவை இடுக்கிக்கொண்டு தவித்தேன்.

"இன்னா நைனா அது, புள்ள மாதிரி புட்ச்சிகினு கீற?"

மகளின் ரத்தம் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. "குடு சார், பின்னால பத்ரமா வெக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். என் பதற்றத்தைப் பார்த்து, வழியில் எங்கேயும் நிற்காமல் ஆய்வகத்து வாசல் வரை ஓட்டினார்.

ஆய்வகத்தில் அவர் நீட்டிய டப்பாவைத் தொட்டதும் உப்புமா சார் துள்ளினார். ஆட்டோக்காரர் அதை மிச்சமிருந்த ஐஸுக்குள் புதைத்துவைத்திருந்தார்.

"யோவ்! எவன்யா இதை ஐஸ்ல வெச்சது?"

"நான்தான் சார். இந்த வெயில்ல கெட்டுடாதா? வஞ்சிரத்தயே ஐஸ்லதான் வெச்சிகினு போறோம். பச்சப் புள்ள ரத்தம் சார்!"

"வஞ்சிரம் செத்துப்போனது! செத்ததுக்குத்தான்யா ஐஸு! இது உசுரோட இருக்கு!"

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "தெரியாம பண்ட்டேன் நைனா" என்றார். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உப்புமா சார் குழாய்களை இரண்டு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தார். ஜன்னி கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் போலிருந்தது.

பாதிச் செல்கள் பிழைத்தன. வளர்ந்தன. புற்றோடு சேர்த்துவிட்டார்கள்.

"முறைச்சுப் பாக்கறானுங்க. கை ஓங்கல" என்றார் உப்புமா சார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. "இன்னொரு தடவை உசுப்பிப் பாக்கறேன்."

மறுபடி உசுப்பினார். அதன் விடை வருவதற்குள் தேன்மொழி போய்விட்டாள். உறவினர்கள் வந்துசேரும்வரை கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடந்தாள். பெட்டியின் இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரியம் முடிந்த பிறகு உப்புமா சார் போன் செய்தார். "ஒருதடவை வந்துட்டுப் போக முடியுமா?"

போனேன். அங்கியும் முகக்கவசமும் மாட்டி, யாரையும் விடாத அந்த அறைக்குள் கூட்டிப்போய், நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தார். உருண்டை உருண்டையாக, விளிம்பில் ஒளியோடு எவ்வளவோ புள்ளிகள். லேசாக அசைந்தன.

"இப்பவாவது அடிச்சாங்களா சார்?"

"இல்லைங்க." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடிக்கல. ஆனா சாகவும் இல்ல. ஆய்வு முடிஞ்சுது, பிளீச்சிங் ஊத்திடணும். அதான் முறை. ரெண்டு தடவை கையில எடுத்துட்டேன். ஊத்த முடியல. நீங்க சொல்லிட்டீங்கன்னா..."

ஊற்றச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அந்த ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஊட்டத் திரவப் புட்டியை எடுத்துவந்தார். "கொஞ்சம் நகருங்க. பசங்களுக்குச் சாப்பாட்டு நேரம்" என்றார்.

எத்தனை நாள் அப்படிச் செய்தார், எப்போது நிறுத்தினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வாய்க்கரிசி போட்ட பிறகும் என் மகளுக்குச் சோறு வைத்த மனிதர் அவர்.