லைன்ல இருங்க, பாட்டு வரும்

"மெஷின் கெடக்கட்டும் சார். முதல்ல அந்தப் பாட்டைத் திரும்பப் போடுங்க" என்றது போனில் ஒரு பெண் குரல்.

"அம்மா, துணியெல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு, கதவு திறக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. அது எங்க ஓடிப் போகப் போகுது? நல்ல இடம் வர்ற நேரமாப் பார்த்து எடுத்துட்டீங்களே. போடுங்க சார்."

அவர் பட்டனை அழுத்தி அந்த அம்மாளை மறுபடியும் காத்திருக்க வைத்தார். துணி துவைக்கும் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தலைமுடி கொட்டுகிற அளவுக்கு வருஷங்களை ஓட்டியவர் அவர். காக்க வைத்ததற்காக வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. காக்க வைக்கச் சொல்லி ஒருத்தர் கெஞ்சி இப்போதுதான் கேட்கிறார்.

ஆபீசில் அவருக்கு 'லைன்ல இருங்க' என்றே பெயர். நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லி, வீட்டில் மனைவி உப்பை எடுக்கச் சொன்னால்கூட "லைன்ல இரு" என்பார். அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் அது ஞாபகம்.

விஷயம் இதுதான். போனில் காத்திருக்கிறவர்களுக்கு ஒலிக்கும் பழைய சத்தம் ஒரு நாள் தானாகவே செத்துப் போனது. அதைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்கே கோபம் வரும். "வேற எதையாவது ஏத்தச் சொல்லுங்க. யாரும் நம்ம மேல சண்டைக்கு வராத பாட்டா இருக்கணும், அவ்வளவுதான்" என்று மேனேஜர் அந்தப் பொறுப்பை இவர் தலையில் கட்டினார்.

அன்றைக்கு இவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. ஆபீஸ் போன்களைப் பார்த்துக்கொள்ளும் டெலிபோன்காரரைத் தனியாக அழைத்து, ஒரு பென் டிரைவைக் கையில் திணித்தார். "தெரிஞ்சவர் ஒருத்தர் வாசிச்சது. கேட்டெல்லாம் பார்க்க வேண்டாம். அப்படியே ஏத்திடுங்க" என்றார். டெலிபோன்காரர் அதிகம் பேசாத மனிதர். "சரி சார்" என்று ஏணியில் ஏறிவிட்டார்.

தெரிஞ்சவர் வேறு யாருமில்லை, இவரேதான். மவுத் ஆர்கன் வாசிப்பார். யாருக்கும் தெரியாமல், குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு வாசிப்பார். கல்யாணமான புதிதில் மச்சானை உட்கார வைத்து ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டினார். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட மச்சான், "நல்லாருக்கு மாப்ளே. எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்றான். அன்றைக்கு உள்ளே போன வாத்தியம்தான்.

ஆனால் ஆசை விடுமா? போன் செய்கிறவர்கள் தங்கள் மெஷின் எப்படிச் சத்தம் போடுகிறது என்று வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள். "கடகட கொர்"ரென்றால் பெல்ட். "டங் டங்"கென்றால் சட்டைப் பையிலிருந்து விழுந்த சில்லறை. அந்தத் தாளத்தையெல்லாம் சேர்த்து, மெஷின் வேகமெடுத்துச் சுற்றுகிற மாதிரி ஒரு துள்ளல் பாட்டை அவர் கட்டியிருந்தார். அது நன்றாக இருக்கிறதா, இல்லையா? இந்த ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். யாரிடம் கேட்பது? தானே கேட்டுப் பார்க்கலாமென்று வெளியிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டார். பாட்டு வருவதற்குள் காது இரண்டும் சூடாகிவிட்டது. கட் பண்ணிவிட்டார்.

இப்போது ஊரே பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது.

"சார், அந்தப் பாட்டைக் கேட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு" என்றார் தண்ணீர் ஒழுகும் மெஷின்காரர் ஒருவர்.

"அழுகையா? துள்ளலா இல்லையா?"

"துள்ளலா? நல்லாச் சொன்னீங்க. எங்க அப்பா ஞாபகம் வந்து உட்கார்ந்துட்டேன் சார்."

இவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். பெல்ட்டையும் சில்லறையையும் நினைத்துத்தான் வாசித்தார். அதில் யாரோ ஒருவருடைய அப்பா எங்கிருந்து வந்தார்? தனக்குள்ளே தனக்கே தெரியாத ஒரு சோகம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். இருக்கலாம் என்றுதான் பட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. மெஷினைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு நடுவே, "காத்திருந்தப்ப எந்த இடம் பிடிச்சுது?" என்றும் கேட்டு வைத்தார். "நடுவுல மூச்சு இழுக்கிறாரு பாருங்க, அந்த இடம்" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். இவர் அங்கே மூச்சு இழுத்தது வாஸ்தவம். சளி பிடித்திருந்தது. அதுகூடக் கலையாகிவிட்டதே என்று அவருக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது.

ஆனால் லைனும் அடைத்தது. யாரும் போனை வைக்க மாட்டேன் என்கிறார்கள். இதைச் சரி செய்ய அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மணி அடித்தவுடனே எடுத்துவிடுவது. காத்திருந்தால்தானே பாட்டு.

"என்ன சார், உடனே எடுத்துட்டீங்க?" என்றது ஒரு கோபக் குரல். "இதுக்கா போன் பண்ணோம்?"

"உங்க மெஷின்ல என்னம்மா பிரச்சினை?"

"எங்ககிட்ட மெஷினே இல்லை. எங்க வீட்டுக்காரர் கையாலதான் துவைக்கிறார். பாட்டு வரலைன்னு புகார் எழுதிக்குங்க."

பக்கத்து சீட்டு அம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு கேட்டார். "சார், சீக்கிரம் எடுத்ததுக்குத் திட்டுறாங்களே, இதை எந்தப் பிரிவுல சேர்க்கிறது?"

"மற்றவைன்னு போடுங்க" என்றார் இவர்.

'மற்றவை' மலை மாதிரி குவிந்தது. மேனேஜர் அறைக்கு அழைப்பு வந்தது.

"புகார் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு" என்றார் மேனேஜர். "நாம விக்கிறதே ஓட்டை மெஷின்னு தலைமை ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. தொழிற்சாலையை நிறுத்தலாமான்னு பேச்சு அடிபடுது. என்னதான் நடக்குது?"

தொழிற்சாலையையே மூட விடுவதா? இவர் உண்மையில் பாதியைச் சொன்னார். "மெஷின்ல குறை இல்லை சார். பாட்டுக்காகக் கூப்பிடுறாங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் பாட்டு அது?"

"தெரிஞ்சவர் ஒருத்தரோடது."

"நாளைக்கு அந்தாளு 'என் பாட்டை வச்சு வியாபாரம் பண்றீங்க'ன்னு கேஸ் போட்டா?"

"போட மாட்டார் சார். ரொம்ப நல்ல மனுஷன்."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"சின்ன வயசுலேருந்து தெரியும்."

"அப்ப வரச் சொல்லுங்க."

"அவர் வெளிநாட்டுல இருக்கார் சார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"போச்சு. வெளிநாட்டு வக்கீலை வைப்பான்."

"இல்லை சார், திரும்பி வந்துட்டார்."

"எப்ப?"

"இப்பத்தான்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. நாளைக்கு அவர் நேர்ல வந்து, 'பாட்டு என்னோடது, எனக்கு ஆட்சேபம் இல்லை'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். இல்லேன்னா டெலிபோன்காரரைக் கூப்பிட்டு அழிச்சிடுவேன். எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். ஆனா வேலை அதைவிட ரொம்பப் பிடிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் இவர் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். ஆனால் வாசிக்கவில்லை. ஊர் கொண்டாடும் பாட்டு நாளைக்குச் சாகப் போகிறது. காப்பாற்ற ஒரே வார்த்தை போதும்: நான்தான். அது வாயில் வராமல் இப்படி முட்டுகிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, இன்னிக்கு வாசிக்கலையா?" என்று வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

கதவைத் திறந்தார். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? நாலு மாடிக்கும் தெரியும். மேல்வீட்டு அக்கா அந்த நேரத்துலதான் டீவியைச் சத்தமா வைப்பாங்க. நீங்க கூச்சப்படுவீங்கன்னு யாரும் வாயைத் திறக்கலை."

அவர் நடந்ததை எல்லாம் கொட்டினார். அவள் வாயில் கைவைத்துக் கேட்டாள்.

"நீ சொல்லு. என் வாசிப்பு எப்படி இருக்கும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "தண்ணிச் சத்தத்துல சரியாக் காதுல விழாதுங்க" என்றாள். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அதை விடுங்க. அத்தனை பேர் நல்லாருக்குன்னு சொல்றாங்களே, அப்புறம் என்ன பயம்? நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. திட்டினா ராத்திரி சாப்பாட்டுக்கு இங்கதானே வரப் போறீங்க."

மறுநாள் ஆபீசில் எல்லாரையும் மேனேஜர் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார். டெலிபோன்காரர் சுவர்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏணி மேல் நின்றார்.

"எங்க உங்க ஆளு?" என்றார் மேனேஜர்.

 இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "லைன்ல இருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நான்தான் சார். அந்தப் பாட்டு நான் வாசிச்சது. பயத்துல இத்தனை நாள் சொல்லலை. எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை."

 கூடம் முழுக்கக் கைதட்டல். பக்கத்து சீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று சண்டைக்கு வந்தார். மேனேஜர் இவர் கையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக இவருக்கு இரண்டங்குல உயரம் கூடியது போலிருந்தது.

"டெலிபோன்காரரே, ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேட்போம்" என்றார் மேனேஜர்.

டெலிபோன்காரர் அசையவில்லை. "இப்பவே வேணுமா சார்?" என்றார். மேனேஜர் மறுபடியும் சொன்ன பிறகு ஒரு ஒயரைச் செருகினார்.

பாட்டு வந்தது. மெல்ல எழுந்து, நின்று, யாரையோ தேடிக்கொண்டு போகிற மாதிரி இறங்கியது. நடுவே ஒரு மூச்சு. கூடத்தில் ஒருவர்கூட அசையவில்லை. இவருக்கும் உடம்பு சிலிர்த்தது. அப்பா ஞாபகம் வந்தது. இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

அதுதான் பிரச்சினை. அவர் கேட்டதே இல்லை. அது புல்லாங்குழல்.

முதல் உண்மையைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனது. இரண்டாவதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகவில்லை. "சார், இது என்னோடது இல்லை" என்றார்.

"பாருங்க, என்ன அடக்கம்" என்றார் மேனேஜர். மறுபடியும் கைதட்டினார்கள்.

"அடக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் வாசிக்கிறது மவுத் ஆர்கன். இது யாரோ."

"பெரிய கலைஞனுங்க எல்லாம் இப்படித்தான், தன்னோடதே தனக்குத் தெரியாது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கைதட்டல் இன்னும் பலமானது.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணியடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார். டெலிபோன்காரர் முகம் சிவந்து, ஸ்குரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா?" என்றார் இவர்.

டெலிபோன்காரர் தலையை மட்டும் ஆட்டினார். கைதட்டல் அரைகுறையாக நின்றது.

"அப்ப இவர் குடுத்தது என்னய்யா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

டெலிபோன்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க வேண்டாம்னு சொல்லியும் அதை முழுசாக் கேட்டுட்டேன் சார், இதையே ஒருத்தர் ஊரைக் கேட்க வைக்கத் துணியறாருன்னா நாம எதுக்குப் பயந்து சாகணும்னு எனக்கு அன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு."