இருபத்தெட்டாவது கொம்பு

சமையலறை ஜன்னலை மறைக்கும் பலாமரத்தின் கிளையைக் கழிக்கவே மாட்டேன் என்று இலைச்சித்தர் ஏழு மாதமாக ஒற்றைக்காலில் நின்றார். பூவும் காயும் இல்லாமல், வெறும் இலையைக் கசக்கி மோந்தே காட்டு மரத்துக்குப் பேர் சொல்லிவிடுவார். அதற்காக வனத்துறை அலுவலகம் கொடுத்த பட்டம் அது. வீட்டில் அந்தப் பட்டம் செல்லுபடியாகவில்லை.

"பகல்லயே லைட்டு போட்டுச் சமைக்கிறேங்க," என்பாள் மனைவி.

"நான் மரத்தை ஆராயறவன். வெட்டறவன் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை, காட்டிலிருந்து ஒடித்துக் கொண்டுவந்த இலைக்கொம்புகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நோட்டில் எழுதியிருந்தது இருபத்தேழு. பையில் இருந்தது இருபத்தெட்டு. எங்கே ஒடித்தோம் என்று ஞாபகமே வரவில்லை. மேதைகளுக்கு மறதி சகஜம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கிள்ளினால் பால் வந்தது. கணுவைச் சுற்றி மோதிரம் போலத் தழும்பு. பலாவுக்குச் சொந்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் இலை மட்டும் விரல் விரலாகப் பிளந்திருந்தது. யாரும் பார்க்காத புது மரம். உடனே அதிகாரிக்குப் போன் போட்டார்.

"நாலு மணிக்கு வர்றேன்," என்றார் அதிகாரி. "அதுக்குள்ள சாதா பலாவோட ஒப்பிட்டுப் பாருங்க. கிளைக்குக் கிளை இலை வேணும், கிளையோடயே வெட்டி வைங்க. தப்பாச்சுன்னா ஆபீஸே சிரிக்கும்."

ஏணியும் ரம்பமுமாக ஏறினார். மனைவி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை அக்கறையை அவர் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை.

"ஜன்னலை ஒட்டி ஒண்ணு இருக்கே, அது?"

"அதுவும் முழு இலைதான். பிளவே இல்ல."

"ஒரே கிளைய வெச்சு முடிவு பண்ணலாமா? நீங்கதானே கூடாதும்பீங்க."

நியாயமாகத்தான் பட்டது. இன்னும் ஐந்து கிளை விழுந்தது.

எறும்புகளைத் திட்டிக்கொண்டே இறங்கியவர், கடைசியாக அடிமரத்தில் குனிந்தார். வேரோரம் இளங்கொம்புகள் துளிர்த்திருந்தன. அத்தனை இலையும் விரல் விரலாகப் பிளந்திருந்தது. இளசாக இருக்கும்போது பலா இலை அப்படித்தான் இருக்கும் என்று போன மாதம் அவரே வகுப்பு எடுத்திருந்தார். நடுவில் ஒரு கொம்பை மட்டும் காய் நறுக்கும் கத்தியால் அறுத்த தடம் தெரிந்தது.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான். நேத்து உங்க பையில வெச்சேன்."

"ஏன்டி என் மானத்தை வாங்கற?"

"ஏழு மாசம் வாயால சொன்னேன். இலையால சொன்னாத்தானே உங்களுக்குப் புரியுது."

வாசலில் ஜீப் வந்து நின்றது. இலைச்சித்தர் இருபத்தெட்டாவது கொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நாளைக்கு அலுவலகத்தில் எப்படித் தலைகாட்டுவது?

உள்ளே வந்த அதிகாரி கொம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலை எட்டிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"வெளிச்சம் போதுமாம்மா? இல்ல, இன்னும் ரெண்டு கிளை இலை கேக்கட்டுமா?"